மலையேற்றத்தில் பின்சீட்டு ஆணைகள்: ஒரு பற்சக்கர ஆராய்ச்சி

கொல்லிமலை ஏறும் கார்களுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. காரவள்ளியில் மூளும் வழக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் தீரும்வரை ஓயாது. ஓட்டுநர் செகண்டில் போவார். பின்சீட்டுப் பெரியப்பா, "ஏங் கண்ணு, வண்டி இந்தக் கத்து கத்துது? டாப்புல போடு, பெட்ரோல் மிச்சமாகும்" என்பார். இவற்றுள் எது வலிது என்பதே இவ்வாய்வின் பொருள். முன்னோர் இதை ஆராயாது விட்டதற்குக் காரணம், மலைப்பாதையில் அவர்கள் தூங்கிவிடுவதே போலும்.

சோதனைப் பொருளாக நான்கு கியர் உள்ள ஒரு சிறு காரைக் கொள்க. இன்ஜின் தரும் உச்ச முறுக்குவிசை 90 நியூட்டன் மீட்டர். கியர் விகிதம் செகண்டில் 2, டாப்பில் 1. அதன்மேல் டிஃபரன்ஷியல் இன்னொரு 4 மடங்கு பெருக்கும். ஆகச் சக்கரத்தைச் சேர்வது செகண்டில் 8 மடங்கு, டாப்பில் 4 மடங்கு. பெருக்கம் இலவசமன்று. கடப்பாரையின் நுனியை முழ நீளம் அழுத்தினால் பாறை விரற்கடைதான் அசையும்; அதுபோல் விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, சுழற்சி அத்தனை மடங்கு குறையும். வண்டி கத்துவது அதனால்தான்.

இனி எடை. பெரியப்பா, அவர் கூடை, பலாப்பழம் உட்பட 1,300 கிலோ. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் இது பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 1,275 நியூட்டன். சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர், உராய்வில் போவது பத்தில் ஒரு பங்கு என்றால், டாப்பில் தரையைத் தள்ளும் விசை 1,160கூடத் தேறாது. வண்டி ஏறாது, வழக்கு முடிந்தது.

அதுமட்டுமன்று, 90 முழுதும் கிடைத்தால்தானே இந்த 1,160? மணிக்கு 30 கிலோமீட்டரில், டாப்பில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,100 சுற்றைச் சற்றே தாண்டும். அந்தச் சுற்றில் அது உச்சத்தைத் தராது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உதறும், தட்டும், பிறகு நின்றுபோகும். பெட்ரோல் மிச்சம் என்ற வாதம் இந்த ஒரு நிலையில் மட்டும் மெய்யாகிறது.

தேர்டில் (விகிதம் 1.3) 1,500 நியூட்டன் கிடைக்கும். ஏறலாம், முன்னால் போகும் லாரியை முந்த முடியாது. செகண்டில் 2,300. சக்கரம் உருள்வதற்கான தடையையும் கழித்தபின் மிஞ்சுவது சுமார் 900. நொடிக்கு நொடி, மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வேகம் கூடும். ஊர்க்காரர்கள் பிக்கப் என்பது இந்த மிச்சத்தைத்தான்.

தோற்ற பெரியப்பா இறக்கத்தில் இரண்டாம் கோட்பாட்டை எடுப்பார்: "நியூட்ரல்ல விடு, சும்மா போகும்." ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர் மரபு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் காட்டும் சிறு தடை, அதே 8 மடங்காகிச் சக்கரத்தைப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி அறவே இல்லை. பாரம் முழுதும் பிரேக் மேல் விழுந்து, கருகல் நாற்றம் கிளம்பும். நாற்றம் வந்ததும் பெரியப்பா கண்ணாடியை இறக்கி, பின்னால் வரும் பஸ்ஸைத் திட்டுவார்.