மெயில் ஐடிப் பெயர்ச்சி: ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

குருப்பெயர்ச்சிக்கும் சனிப்பெயர்ச்சிக்கும் பலன் போடாத தமிழ் வார இதழ் கிடையாது. ஓர் அலுவலகத்தின் மெயில் தொடர்புகள் பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்குப் பெயரும்போது எந்த ராசிக்கு என்ன நேரும் என்று மட்டும் யாரும் கணித்துச் சொல்லவில்லை. ஏழரைச் சனிக்காவது முடியும் தேதி உண்டு. தொலைந்த மெயில் ஐடிக்கு அதுவும் இல்லை. இத்துறையில் நிலவும் இவ்வெற்றிடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களமாக ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எடுத்துக்கொள்ளப்பட்டன. கொல்லத்திலிருந்து திருமங்கலம் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஊர்கள் இவை. தொலைபேசிக் குறியீடும் இரண்டுக்கும் ஒன்றே: 04563. (இதன் முதல் பூஜ்யத்தை வாசகர் நினைவில் கொள்க. பின்னால் அதற்கு ஒரு கண்டம் இருக்கிறது.) ராஜபாளையத்தில் நூற்பாலைகள்; அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி. மாவட்டத் தலைநகர் விருதுநகராக இருந்தாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில். எனவே துணி விற்ற மெயில் ராஜபாளையத்தில் இருந்தால், பணம் வராத மெயில் வக்கீல் குமாஸ்தாவிடம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும். மெயில் ஐடிகளின் போக்குவரத்தை ஆராய இதைவிடப் பொருத்தமான வட்டாரம் அமையாது.

காலமும் கூடி வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டதால், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த சிபியூக்கள் பல, பொட்டு அழிவதற்குள் மேஜையை விட்டு இறங்கின. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு இதே கதி நேர்ந்தபோது அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற நிரலும் கூடவே போயிற்று. அந்தப் பெயர்ச்சியின் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கும் கணக்கர்கள் இப்பகுதியில் உண்டு.

பெயர்ச்சிச் சடங்கின் மையம் ஓர் உரையாடல். அது எல்லா அலுவலகங்களிலும் ஏறக்குறைய ஒரே பாடமாக வழங்குகிறது. பாடபேதம் மிகக் குறைவு.

“அண்ணாச்சி, ஃபார்மட் அடிச்சிரட்டுமா? எல்லாம் பேக்கப் எடுத்தாச்சுல்ல?”

“எல்லாம் டி டிரைவ்லதான் தம்பி இருக்கு. நீங்க அடிங்க.”

இதில் ‘எல்லாம்’ என்பதற்கு உரை காண்பது அவசியம். சர்வீஸ் தம்பியைப் பொறுத்தவரை எல்லாம் என்றால் டெஸ்க்டாப்பும் மை டாகுமெண்ட்ஸும். அண்ணாச்சியைப் பொறுத்தவரை டேலி. மெயில் நிரலோ தன் முகவரிப் புத்தகத்தை இவ்விரண்டிலும் வைப்பதில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அதை டபிள்யூஏபி என்ற வால் கொண்ட ஒரே கோப்பாக்கி, சி டிரைவில் பயனர் பெயருக்குள், அப்ளிகேஷன் டேட்டா என்ற கண்ணுக்குத் தெரியாத அடைவுக்குள், மைக்ரோசாஃப்டுக்குள் வைத்திருந்தது. பெரிய அவுட்லுக்கும் 2007 பதிப்பு வரை, மெயிலும் முகவரியும் அடங்கிய தன் பிஎஸ்டி கோப்பை இதுபோல் மறைவிடத்தில்தான் வைத்தது. 2010இல்தான் அதற்கு ஞானம் பிறந்து, புதிய கோப்புகளை டாகுமெண்ட்ஸ் அடைவுக்குள் கொண்டுவந்தது. ஆக, பொன்னும் பொருளும் பத்திரமாக டி டிரைவில் இருக்க, முகவரிகள் சி டிரைவோடு உடன்கட்டை ஏறின.

அற்றேல், பிஎஸ்டி கோப்பை அப்படியே பென்டிரைவில் எடுத்துப் போனால் என்ன எனின், போகலாம். அறிஞர்கள் ஒப்பும் வழியும் அதுவே. ஆனால் அவுட்லுக் திறந்திருந்தால் கோப்பு அசையாது. மூடிவிட்டு எடுத்தாலும், பல்லாண்டு மெயில் சேர்ந்து அது 4 ஜிபியைத் தாண்டியிருந்தால், ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் அதை ஏற்காது. 64 ஜிபி பென்டிரைவில் பெரும்பகுதி காலியாக இருக்க, ஐந்து ஜிபி கோப்பு அளவுக்கு மீறிப் பெரிது என்று கணினி சொல்லும்போது அண்ணாச்சி தம்பியைப் பார்க்கும் பார்வை தனி ஆய்வுக்குரியது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைக்குப் பென்டிரைவை ஃபார்மட் அடித்து மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. மாற்றுவதற்கு முன், அதில் ஏற்கெனவே இருந்த ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை வேறிடத்தில் வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் மாற்றிய பிறகே நினைவுக்கு வருகிறது.

இனி, முகவரிகளைக் காற்புள்ளியிட்ட பட்டியலாக இறக்கி ஏற்றும் சிஎஸ்வி மார்க்கத்தார். ‘எக்ஸ்போர்ட் போட்டு இம்போர்ட் போட்டா முடிஞ்சது’ என்பது இவர்களின் மகாவாக்கியம். இம்மார்க்கத்தில் பிழையில்லை. நடுவில் ஒருவர் அந்தக் கோப்பை எக்செல்லில் ‘சும்மா திறந்து’ பார்த்து, மூடும்போது சேவ் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எக்செல்லுக்கு எதையும் எண்ணாகப் பார்க்கும் சுபாவம். 04563ஐ இடைவெளி விடாமல் எண்ணோடு சேர்த்து அடித்திருந்தால் முதல் பூஜ்யத்தைத் தின்றுவிடும். இடைவெளியோ சிறு கோடோ போட்டவர் பிழைத்தார். 91 சேர்த்த மொபைல் எண்ணுக்குப் பன்னிரண்டு இலக்கம் என்பதால் அதைப் புள்ளி வைத்துச் சுருக்கி, ‘ஈ கூட்டல் 11’ என்று முடித்துவைக்கும். அதைச் சேவ் செய்து மறுபடி திறந்தால் முதல் சில இலக்கம் போக மீதியெல்லாம் பூஜ்யம்.

ராஜபாளையத்துக்கே உரிய சிதைவு ஒன்று உண்டு. நூல் வியாபாரத்தில் 2/40 என்றால் நாற்பதாம் நம்பர் நூல் இரண்டை முறுக்கிய இரட்டை நூல். யார் எந்த நூல் வாங்குபவர் என்று கணக்கர் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைப்பது வழக்கம். பழைய கணினியில் எக்செல் இதைப் படித்து, 1940 பிப்ரவரி என்று பொருள் கொள்கிறது. 2/60 வாங்குபவர் 1960 பிப்ரவரிக்குப் போகிறார். பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்கே 1940இல் நான்கு வயதுதான். அந்தக் காலத்துக்கு ஒரு வாடிக்கையாளரை மெயில் ஐடியோடு அனுப்பிவைக்கும் ஆற்றல் வேறெந்த மென்பொருளுக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழில் எழுதிய பெயர்களின் கதி இருவகை. இதில் ஆய்வாளர்கள் அடிக்கடி குழம்புவதால் சற்று நின்று பார்ப்போம். பழைய அவுட்லுக் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்தால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகும். ராஜா என்பது ர, கால், ஜ, கால் என நான்கு குறிகள்; எனவே நான்கு கேள்விக்குறி. இது மீளாச் சிதைவு, எந்த உ.வே.சா. வந்தாலும் மூலபாடம் கிடைக்காது. ஜிமெயிலிலிருந்து இறக்கிய கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் விளைவு வேறு. அங்கே தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று கிறுக்கல்களாக உடையும். பெரும்பாலும் அவற்றில் நடுவில் இருப்பது, வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்திட்ட பதிவு பெற்ற வணிக முத்திரை. இது பார்க்கப் பயங்கரமே தவிர மீளக்கூடியது. சேவ் கொடுக்காமல் மூடிவிட்டு, டேட்டா மெனு வழியே யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் எழுத்துகள் எழுந்து வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றதை ஊரே கொண்டாடியது. பால்கோவா என்ற சொல்லை மேற்படி முறையில் சிதைத்து எண்ணிப் பார்த்தால் வணிக முத்திரை ஆறு வருகிறது. புள்ளியும் ஓகாரக் கொம்பும் மட்டும் முத்திரை பெறத் தவறுகின்றன.

பெயர்க் கட்டங்களைப் பற்றித் தனி நூலே எழுதலாம். முதல் பெயர், நடுப்பெயர், கடைப்பெயர் என மூன்று கட்டங்களை யாரோ எங்கோ உட்கார்ந்து வகுத்துவிட்டார்கள். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்ஜியத்தின் முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்துக்காரர் பி. எஸ். குமாரசாமி ராஜாவை இதில் இட்டால், முதல் பெயர் பி.; நடுப்பெயர் எஸ். குமாரசாமி, கடைப்பெயர் ராஜா. கடைப்பெயர் வரிசையில் அடுக்கினால் ராஜபாளையத்து அலுவலகத்தின் முகவரிப் புத்தகத்தில் பாதிப்பேர் ஒரே எழுத்தின்கீழ் அணிவகுத்து நிற்பார்கள். இம்போர்ட் செய்யும்போது, ஒரே பதிவு இருமுறை வந்தால் பழையதை மாற்றட்டுமா, இரண்டையும் வைக்கட்டுமா, புதியதை விட்டுவிடட்டுமா என்று அவுட்லுக் கேட்கும். பிற ஊர்களில் இது தொழில்நுட்பக் கேள்வி. இங்கே குடும்பக் கேள்வி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் ‘மாற்று’ என்று சொடுக்கினால், ஒரே தாத்தாவின் பெயர் கொண்ட இரண்டு பெரியப்பா பையன்களில் ஒருவர் மற்றவருக்குள் ஐக்கியமாகிவிடுவார். பின்பு ஒருவருடைய இன்வாய்ஸ் இன்னொருவருக்குப் போகும். போனவர் அதைப் படித்துவிட்டு ‘நமக்கு மட்டும் ஏன் இந்த ரேட்?’ என்று கேட்பார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தந்தையின் முதலெழுத்து முன்னால் நிற்பதால் சிக்கல் தலைகீழ்: வீ. ஆண்டாள் என்பவருக்கு மெயில் மெர்ஜில் ‘அன்புள்ள வீ’ என்று கடிதம் போகும். நான் ‘இரண்டையும் வை’ கட்சி. இரட்டைப் பதிவைப் பிறகு அழிக்கலாம். ஐக்கியமானவரைப் பிரிக்க முடியாது.

எல்லாம் கிளவுடில் இருக்கிறது என்னும் மேகவாதிகளையும் விசிட்டிங் கார்டு மரபினரையும் ஒரு வரியில் கடந்துவிடலாம் என்றிருந்தேன், பின்னவர் விடவில்லை. 1990களின் நடுவில் பிறந்த விகார்டு, பார்க்க அடக்கமான கோப்பு. ஜிமெயில் நானூறு பேரையும் ஒரே விகார்டுக் கோப்பில் கட்டித் தரும். அதைப் பழைய அவுட்லுக்கில் திறந்தால் முதலாமவர் மட்டும் உள்ளே வருவார். மீதிப்பேர் வாசலிலேயே நிற்பார்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. ‘வந்துருச்சு அண்ணாச்சி’ என்று தம்பி திரையில் காட்டுவதும் பொய்யன்று.

இதுவரை சொன்னது கருவிகளின் குறை. ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு வேறு. கான்டாக்ட்ஸ் என்ற அடைவில் இருப்பவர்களுக்கு அலுவலகத்தில் யாரும் மெயில் போடுவதில்லை. மெயில் போடப்படுபவர்கள் அந்த அடைவில் இல்லை. அடைவைத் திறந்து பாருங்கள்: எப்போதோ வந்துபோன மெஷின் கம்பெனி விற்பனையாளர், மாற்றலாகிப் போன வங்கி மேலாளர், ஃபேக்ஸ் எண் மட்டும் உள்ள ஒரு தூத்துக்குடி ஷிப்பிங் ஏஜென்ட். நாள்தோறும் மெயில் போகும் பேண்டேஜ் துணி வாடிக்கையாளரும் ஆடிட்டரும் வக்கீலும், ‘டு’ கட்டத்தில் இரண்டெழுத்து அடித்தவுடன் கீழே தானாக விரியும் பட்டியலில்தான் வாழ்கிறார்கள். அந்தப் பட்டியல் அவுட்லுக் 2007 வரை என்கே2 என்ற தனிக் கோப்பாக இருந்தது. 2010 முதல் மெயில் பெட்டிக்குள்ளேயே மறைபொருளாகிவிட்டது. ஆயிரம் பேர்தான் கொள்ளும். சிஎஸ்வி ஏற்றுமதியில் அது வராது. ‘தீபாவளி ஸ்வீட்’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் குழுப் பட்டியலும் வராது. ஆகவே, ஒரு பதிவுகூடக் குறையாமல் இடமாற்றம் முடிந்தது என்று தம்பி எண்ணிக் காட்டும் அதே நிமிடத்தில் அலுவலகத்தின் தொடர்புகள் எல்லாம் தொலைந்திருக்கும்.

பரிகாரம் உண்டா எனின், உண்டு. பழைய கணினியின் சென்ட் அடைவைத் திறந்து, கடந்த ஓராண்டில் மெயில் போனவர்களை வலது சொடுக்கில் கான்டாக்ட்ஸில் சேர்த்துவிட்டு, பிறகு பெயர்ச்சியைத் தொடங்க வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. ‘வேலை நேரத்துல சிஸ்டத்தைக் குடுக்க முடியாது’ என்பதால் இது இவ்வட்டாரத்தில் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

இடமாற்றக் கலையில் இவ்வட்டாரம் பின்தங்கியது என்று இதனால் கருதிவிடக் கூடாது. ஆண்டாள் சூடிய மாலையும் கிளியும் ஆண்டுதோறும் புரட்டாசியில் திருப்பதி பிரம்மோத்சவத்துக்கும், சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போகின்றன. மாதுளம்பூ மூக்கும் மரவள்ளி இலை உடம்பும் கொண்ட அந்தக் கிளி ஒரு நாள் தாங்கும் பொருள். அது சேதமில்லாமல் போய்ச் சேருவதற்குக் காரணம், அதைச் சுமந்துகொண்டு ஆள் கூடவே போவதும், சேர வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் காத்திருப்பதும். மெயில் ஐடிகளைக் கொண்டுபோகும் பென்டிரைவ் தம்பியின் சட்டைப் பையில் இன்னும் மூன்று அலுவலகம் சுற்றிவிட்டு வருகிறது.

கடைசியாக, ஏட்டு மூலம். எந்தக் கணினி எப்படிப் போனாலும் அண்ணாச்சியின் மேஜையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். அதில் முக்கியமான மெயில் ஐடிகள் நீல மையில் எழுதப்பட்டிருக்கும். புதிய கணினியில் தம்பி அதைப் பார்த்துத்தான் அடிக்கிறார். இங்கும் பாடபேதச் சிக்கல்: இரண்டு பெயருக்கு நடுவிலுள்ள கோடு நடுக்கோடா, கீழ்க்கோடா? நோட்டின் அச்சிட்ட வரியோடு ஒட்டிக்கொண்டால் கீழ்க்கோட்டை யாராலும் பிரித்தறிய முடியாது. ‘கோடு போட்டு ராஜா’ என்றுதான் அண்ணாச்சிக்கும் ஞாபகம். பதிப்பு நெறிப்படி இரண்டு பாடத்துக்கும் மெயில் அனுப்பி, திரும்பி வராததே மூலபாடம் என்று கொள்ள வேண்டும். ஒரு பேண்டேஜ் துணி அலுவலகத்தில் அவ்வாறே செய்யப்பட்டது. இரண்டும் திரும்பி வரவில்லை. மறுநாள் இரண்டு ராஜாக்களிடமிருந்தும் பதில் வந்தது. ஒருவர் பழைய வாடிக்கையாளர். மற்றவர், தான் மருந்துக்கடை வைத்திருப்பதாகவும் பேண்டேஜ் துணி என்ன விலை என்றும் கேட்டிருந்தார். அண்ணாச்சி அவர் ஐடியை நோட்டில் ஏற்றிக்கொண்டார், கோட்டைக் கொஞ்சம் அழுத்தி.