குடியரசுத் தலைவர் தேர்தலை ஒரே பீரியடில் முடிப்பது எப்படி?

சமூக அறிவியல் ஆசிரியப் பெருமக்களே, காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, போர்ஷன் முடியவில்லை, குடிமையியல் அப்படியே கிடக்கிறது. பதறாதீர்கள். இந்தியக் குடியரசுத் தலைவர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதை 40 நிமிடத்தில், ஒரு பிள்ளைக்கும் புரியாமல், ஆனால் முழு மார்க் வரும்படி நடத்திவிடலாம். பாதி வித்தை உங்களுக்கே கைவந்திருக்கிறது. மீதிக்கு நான் இருக்கிறேன்.

1. "வணக்கம் ஐயா" முடிந்து பிள்ளைகள் உட்காருவதற்குள் ஆரம்பித்துவிடுங்கள்: "ஒற்றை மாற்று வாக்கின் மூலம் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவ முறையில் மறைமுகமாக..." நடுவில் மூச்சு விடாதீர்கள். மூன்று முறை கோரஸாகச் சொல்லச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சும் சேர்ந்து கத்தினால் புரிந்துவிட்டது என்று பொருள். அடிக்கோடு போட வையுங்கள். பக்கத்தில் இரண்டு ஸ்டார்.

2. யாருக்கெல்லாம் ஓட்டு என்பதை டிக்டேட் செய்யுங்கள். நாடாளுமன்ற இரு அவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். மாநிலங்கள், டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். 'தேர்ந்தெடுக்கப்பட்ட' வரும்போது மட்டும் வேகம் கூட்டுங்கள். நிதானித்தால் எவனாவது "சார், இளையராஜா எம்.பி. தானே, அவர் போடலாமா?" என்பான். நியமன உறுப்பினருக்கு ஓட்டில்லை என்று சொல்ல வேண்டிவரும். அதோடு விடுவானா? பதவிநீக்கத் தீர்மானத்தில் மட்டும் அவர் ஓட்டுப் போடலாம், நம்ம எம்.எல்.ஏ. போட முடியாது என்பது வரைக்கும் தோண்டுவான். நமக்கு எதற்கு?

3. இப்போது கணக்கு. இங்கேதான் நல்ல நல்ல ஆசிரியர்களே வழுக்கி விழுந்து, பாடத்தைப் புரியவைத்துத் தொலைக்கிறார்கள்.

எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்புக்கான சூத்திரத்தைப் போர்டில் எழுதுங்கள். எழுதிய கையோடு அழியுங்கள். தப்பித் தவறியும் தமிழ்நாட்டு எண்களைப் போட்டுக் காட்டாதீர்கள். 1971 மக்கள்தொகை 4,11,99,168. அதை 234-ஆல் வகுத்து, வந்ததை 1000-ஆல் வகுத்தால் 176. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும், ஆபத்தே அதுதான். உடனே மற்ற இடங்களுக்கும் எவ்வளவு என்று கேட்கும். புதுச்சேரிக்கு 16, உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7 என்று தெரிந்ததும் வகுப்பு களைகட்டிவிடும். பிறகு ஒரு பெண் கை தூக்குவாள்.

"மிஸ், ஏன் 1971?"

முறையுங்கள். "புக்குல அப்படித்தான் போட்டிருக்கு" என்று சொல்லுங்கள். 1976-ல் 42ஆவது திருத்தம் அந்த எண்ணிக்கையை அப்படியே நிறுத்திவைத்ததையும், 2001-ல் 84ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்ததையும் சொல்லிவிடாதீர்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்களின் செல்வாக்கு அதனாலேயே குறைந்துவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம் என்பதைப் பற்றி வாய்கூடத் திறக்காதீர்கள். திறந்தால், சாயங்காலம் டிவியில் அப்பா பார்க்கும் தொகுதி மறுவரையறை விவாதம் அந்தப் பெண்ணுக்குப் புரியத் தொடங்கிவிடும்.

எம்.பி. ஓட்டின் மதிப்பையும் வெறும் எண்ணாகவே கொடுங்கள். 2017-ல் 708, 2022-ல் 700. நடுவில் எட்டு எங்கே போனது என்று கேட்பவனை வெளியே நிற்க வையுங்கள். ஜம்மு காஷ்மீருக்கு அப்போது சட்டமன்றம் இல்லை, அதனால் எம்.பி.க்களுக்குச் சமமாக வகுக்கும் எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மொத்த மதிப்பு குறைந்தது என்று விளக்கப்போனால் பெல் அடித்துவிடும்.

4. விருப்ப வரிசை வாக்கைச் செய்துகாட்ட வேண்டாம். வகுப்பு லீடருக்கு மூன்று பேரை நிறுத்தி, துண்டுச் சீட்டில் 1, 2, 3 போடச் சொன்னால் இருபதே நிமிடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிடும் என்பது உண்மைதான். அதனால்தான் வேண்டாம். வகுப்பு லீடரை நீங்களே நியமியுங்கள். ஃபர்ஸ்ட் ரேங்க்கை விட்டால் வேறு யார்?

5. கதை சொல்லாதீர்கள். முக்கியமாக 1969. காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி. பிரதமர் இந்திரா காந்தியோ மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்கிறார். சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி முதல் சுற்றில் வெற்றிக்குத் தேவையான கோட்டாவைத் தொடவில்லை. இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் ஜெயிக்கிறார். அந்தத் தேர்தலை எதிர்த்து வழக்கு வந்து, பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறார். தோற்ற ரெட்டி 1977-ல் போட்டியே இல்லாமல் அதே நாற்காலிக்கு வருகிறார். இதைக் கேட்ட பிள்ளை ஒற்றை மாற்று வாக்கை ஆயுசுக்கும் மறக்காது. தேர்வு முடிந்த பிறகும் நினைவிருந்து என்ன பயன்?

எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.க்கு இளஞ்சிவப்புச் சீட்டு, தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனா, கட்சிக் கொறடாவின் உத்தரவு செல்லாது என்பதெல்லாம் ஐந்து மார்க்கில் வராது. விட்டுவிடுங்கள்.

6. மறுநாள் ஸ்லிப் டெஸ்ட். கைடில் உள்ள பதிலுக்கு அப்படியே ஐந்து. கை தூக்கிய பெண் வீட்டில் உட்கார்ந்து 176-ஐத் தானே போட்டுப் பார்த்து, காரணத்தோடு எழுதியிருப்பாள். விடைக்குறிப்பில் 176 இல்லை. சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். ஓரத்தில் "பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்". இரண்டரை மார்க்.

அடுத்தது துணைக் குடியரசுத் தலைவர். அவரைத் தேர்ந்தெடுக்க இளையராஜாவும் ஓட்டுப் போடலாம், எம்.எல்.ஏ. யாரும் போட முடியாது. ஆகவே இன்னும் வேகமாகப் போங்கள்.