எல்-ஃபோர் சார்

மானிட்டருக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே திடீரென ஒரு மர ஸ்கேல் நுழைந்து மோவாயை மெல்ல மேலே நெம்பினால், எல்-ஃபோர் சார் ரவுண்ட்ஸ் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் சீனியர். டாக்டர் இல்லை. எப்போதோ மச்சினருக்கு டிஸ்க் விலகியபோது கூடப் போய், எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர். அவ்வளவுதான் படிப்பு. அன்று முதல் பிரசவ வலி, பல்வலி நீங்கலாக உலகத்தில் உள்ள அத்தனை வலிக்கும் அவர் சொல்லும் காரணம் கீழ்முதுகெலும்பின் எல்-ஃபோர், எல்-ஃபைவ்தான்.

“தம்பி, தலை என்ன கனம் தெரியுமா? 5 கிலோ. அதுவும் நிமிர்ந்திருக்கிற வரைக்கும்தான். 60 டிகிரி குனிஞ்சு போனைப் பார்த்தா, கழுத்து தாங்குறது 27 கிலோ!”

இது அவர் கைச்சரக்கல்ல. நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் போட்ட கணக்கு. “வரிக்குத் தப்ப 26 கிலோவா வர ஆரம்பிச்சுதே அரிசிச் சிப்பம், அதைவிட ஒரு கிலோ கூட” என்பது மட்டும் சாரின் சொந்தச் சேர்க்கை. அதற்கப்புறம் எங்கள் ஆபீசில் யார் போனில் மூழ்கினாலும், “சிப்பத்தை இறக்குப்பா” என்று நாலு குரல் கேட்கும்.

அவருடைய இருக்கை பார்க்க வேண்டிய இடம். இடுப்புக்குச் சுருட்டிய துண்டு, காலுக்கு ஜெராக்ஸ் பேப்பர் அட்டைப்பெட்டி, கண்மட்டத்துக்கு மானிட்டரை உயர்த்த வருமான வரிச் சட்டம் இரண்டு பாகம் (அந்தப் புத்தகத்தால் ஒருவருக்கு நிம்மதி கிடைத்து நான் பார்த்தது அங்கேதான்). சட்டைக்கு மேலேயே இடுப்பு பெல்ட். “இத்தனை வருஷ நாற்காலி உத்தியோகத்துல ஒருநாள் பிடிச்சுக்கிட்டதில்லை” என்று பெல்ட்டைத் தட்டிக் காட்டுவார்.

விஷயம் என்னவென்றால், அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தால்தானே? பத்து நிமிஷம் ஆகாது, எங்கோ ஒருவர் 20 லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பை வளைத்துத் தூக்கப்போவார். “முட்டியை மடக்கு! கேனை வயித்தோட அணைச்சுக்கோ!” என்று சார் பறப்பார். திரும்பும் வழியில், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிப் பேசும் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு ஒரு கண்டனம். பிறகு டெஸ்பாட்ச் தம்பியின் பின்பாக்கெட்.

“பர்ஸ் மேல உட்கார்ந்தா இடுப்பு கோணுமா, கோணாதா?”

பர்ஸில் காசு கிடையாது. பழைய ஏ.டி.எம். சீட்டுகளும் திருப்பதிப் பெருமாளும்தான். பெருமாள் சட்டைப் பைக்கு எழுந்தருளிய பிறகே சார் நகர்ந்தார்.

ஆக, அவர் முதுகைக் காப்பாற்றியது இந்த ஓயாத ஊர்வலம்தான். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தவர்கள், முதுகுவலி வராமல் தடுக்க உடற்பயிற்சி உதவுகிறது, பெல்ட் உதவுவதாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். சாரிடம் சொல்லிப் பார்த்தேன். பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார். கட்டாந்தரையில் படுப்பவர் அவர். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்குக் கெட்டி மெத்தையைவிட நடுத்தர மெத்தையே இதமாக இருந்ததாக 2003இல் ஸ்பெயினில் கண்டார்களே என்றேன். “அவங்க முதுகு வேற, நம்ம முதுகு வேற” என்று வழக்கை முடித்துவிட்டார்.

இப்படிப்பட்டவருக்குப் புரமோஷன் கொடுத்தார்கள். தனி கேபின், ஏ.சி., தலைக்கும் கைக்கும் தனித்தனியே தாங்கல் வைத்த சுழல் நாற்காலி, இன்டர்காம். எல்லாவற்றுக்கும் மேலாக, மொத்த ஆபீசும் தெரிகிற சி.சி.டி.வி. திரை! சார் இனி எழுந்து வர வேண்டிய அவசியமே இல்லை. மணி அடிக்கும். எடுத்தால், “மூணாவது டேபிள், கழுத்து!” என்பார். வைத்துவிடுவார்.

மழைக்காலம் முடிவதற்குள் சாருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

லீவு போட்டுப் படுத்தார். ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களிடம் 1995இல் இதையும் சோதித்திருக்கிறார்கள்: திடீர் இடுப்புவலி வந்தவர்களில், இரண்டு நாள் படுத்துக் கிடந்தவர்களைவிட, முடிந்த மட்டும் வழக்கம்போல நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். கேள்விப்பட்டதும் ஸ்பெயின்காரர்களோடு பின்லாந்துக்காரர்களையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிட்டார் சார். ஒரு வாரம் கழித்து, தைல மணத்தோடு, கதவைப் பிடித்து சுவரைப் பிடித்து கேபினுக்குள் போனார்.

டீ கொண்டுபோன ஆபீஸ் அசிஸ்டென்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. “சார், முன்ன மாதிரி அப்பப்ப எழுந்து எங்களையெல்லாம் ஒரு சுத்து திட்டிட்டு வாங்களேன். உடம்பு லேசாயிடும்.”

“எங்கேய்யா நேரம்? மூணாவது டேபிள்ல சிப்பம் ஏறிக்கிட்டே போவுது பாரு!” என்று திரைக்குள் தலையை நீட்டிக் குனிந்த சார், ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நம்பரை அழுத்தினார்.