வரிசையின் நியாயம்

கேள்வி: கம்ப்யூட்டருக்குரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை, அது வெளியாகும் தினத்திலேயே வாங்குவதற்காக, அமெரிக்காவில் ஜனங்கள் கடை வாசலில் கூடாரமடித்து இராப்பகலாகக் காத்திருந்தார்களாமே! வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வாங்கலாகாதா?

பதில்: வாங்கலாம் என்று நம்பியவர்கள்தாம், 2020 செப்டம்பர் 17 அன்று, 699 டாலர் விலை குறிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080 என்னும் கார்டு இணையக் கடைகளில் தோன்றிய வேகத்திலேயே மறைந்ததைக் கண்டு திகைத்தார்கள். மனித விரல் பொத்தானை அடையுமுன் தானியங்கி நிரல்கள் சரக்கை வாரிக்கொள்ள, அவற்றை ஏவியவர்கள் அதையே அதிக விலைக்கு விற்றார்கள். ஆகவே, 2025 ஜனவரி 30 அன்று ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 1,999 டாலர் ஆரம்ப விலையில் வெளிவந்தபோது, கலிபோர்னியாவின் டஸ்டின் நகரிலுள்ள மைக்ரோ சென்டர் என்னும் கடையின் வாசலில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தவர்களைப் பித்தர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நிரலுக்குக் கால்கள் கிடையா, அதனால் வரிசையில் நிற்க இயலாது என்னும் நியாயம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் வந்த சரக்கோ சொற்பம். வரிசையில் நின்ற அனைவருக்கும் அது போதவில்லை.

நீங்களும் இத்தகைய பிரயத்தனத்தில் இறங்குவதாயின், அந்தக் கார்டு 575 வாட் வரை மின்சாரம் கேட்கும் என்பதை நினைவிற்கொண்டு, 1,000 வாட் பவர் சப்ளை வீட்டில் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.