குயில் முட்டைக்கு ஜாமீன்

உக்காருங்க மாப்ள. வட்டிக்குக் குடுக்குற மீசைக்காரரைக் கண்டா, பருந்தைப் பாத்த கோழிக்குஞ்சாட்டம் சந்துல ஒதுங்குறீங்க. மச்சினன் போன்ல "அத்தான்"னு ஒரு இழுப்பு இழுத்தா மட்டும், சொக்கிப் போயி நிக்கிறீங்க. உங்களுக்குக் கொஞ்சம் பறவை சாஸ்திரம் சொல்லணும்.

பருந்து திருட்டுப் பயதான், இல்லேங்கல. ஆனா பட்டப்பகல்ல, ஊரே பாக்க வட்டம் போட்டுத்தான் எறங்கும். நெழலு விழுந்ததுமே தாய்க்கோழி சத்தம் போட்டுக் குஞ்சுகளை றெக்கைக்குள்ள இழுத்துக்கும். நோட்டீசு குடுத்துட்டு வர்ற திருடன்! அதுவும் போக, சுள்ளியும் கந்தலும் பொறுக்கி, ஒசந்த மரத்துல தானே கூடு கட்டுது. ஒரு மாசம் அடைகாக்குது. ஆணும் பொண்ணுமா பாடுபட்டுக் குஞ்சை வளக்குது.

குயிலு? அடடா, என்ன குரலு! கூவுறது கறுத்த ஆம்பள. முட்டை வைக்கிறது புள்ளி போட்ட பொம்பள. ரெண்டுக்கும் ஒரு சுள்ளி பொறுக்க நேரமில்ல. பிரசவமெல்லாம் காக்கா கூட்டுலதான். குயில் முட்டை 13 நாள் வாக்குல பொரிஞ்சிரும். காக்கா முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். முந்திப் பொறந்த விருந்தாளி, முந்தி வாயைப் பொளந்துருவான்.

அதுக்காகக் காக்காயை ஏமாளின்னு நெனைச்சிராதீங்க. குயிலைக் கண்டா தொரத்தித் தொரத்திக் கொத்தும். ஆளை நல்லாத் தெரியும். கூட்டுல கெடக்குற முட்டையைத்தான் தெரியாது. அதுவும் புள்ளி போட்டு, தன் முட்டை சாயல்லயே இருக்கும்ல!

இப்ப உங்க சட்டைப் பையில மடிச்சு வச்சிருக்கீங்களே, ஜாமீன் பத்திரம், அது யாரு முட்டை? கடன் வாங்கினவனை விட்டுட்டு, நேரா ஜாமீன்காரன் வாசல்ல வந்து நிக்கலாம்னு 1872-லயே வெள்ளைக்காரன் ஒப்பந்தச் சட்டத்துல எழுதி வச்சிட்டுப் போயிட்டான். அடைகாக்கப் போறது நீங்க. பறக்கப் போறது மச்சினன்.

ஒதவணுமா? கையில இருக்குறதை, போனாப் போகுதுன்னு குடுங்க. பாட்டையும் நல்லா ரசிங்க, அதுக்குக் கையெழுத்து வேண்டாம். மீசைக்காரர்கிட்டயாவது வட்டி எம்புட்டுன்னு மொதல்லயே தெரியும்.

யாரு தடுத்ததுன்னு மச்சினன் கேட்டா, என் பேரை எடுத்துராதீங்க. நான் பெத்த மகனாச்சே, மறுநாளே அதே பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு "அப்பா..."ன்னு எங்கிட்ட இழுப்பான்!