கூண்டுக்குப் போற பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, வேலையை விடப் போறியாமே? சோழிங்கநல்லூர்ல ஏசி ரூம்ல குந்திகினு கம்ப்யூட்டர் தட்டிகினு இருந்த புள்ள, இனிமே கூண்டுக்குள்ள எறங்கி எவனையாவது ஒதைச்சுத்தான் சம்பாரிப்பேன்னு நிக்கிறியாம். எம்.எம்.ஏ.வாம். குத்தலாம், ஒதைக்கலாம், தூக்கி அடிக்கலாம், கழுத்தைப் புடிச்சி நெரிக்கலாம். நம்ம கூட் ரோட்டுல ஷேர் ஆட்டோவுக்கு எடம் புடிக்கிறதுக்கே இதெல்லாம் தேவைப்படும். அதுக்குப் போய் மாசாமாசம் பீஸ் கட்டிக் கத்துக்கிறியே, அதான் எனக்குப் புரியல.

சண்டையே வேணாம்னு சொல்ற ஆளு நான் கெடயாது. மெட்ராஸ்ல சண்டைக்கா பஞ்சம்? வடக்கால சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரைன்னு கட்சி கட்டிகினு குத்துச்சண்டை போட்ட ஊருடா இது. 2021ல ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தப்புறம்தான் அது உனக்குத் தெரியும். 1980ல முகமது அலியே இங்க வந்தாரு. நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட குத்திக் காட்டினாரு. எம்.ஜி.ஆர். ஒரு பக்கம், அலி ஒரு பக்கம். கூட்டம் எப்படி இருந்திருக்கும், நீயே நெனச்சுக்கோ. அத்தனை பேர்ல ஒருத்தன் கையிலயும் போன் கெடயாது. எல்லாம் கண்ணாலதான் பார்த்தான்.

இப்ப நம்ம மேடவாக்கத்தைப் பாரு. கீழ பிரியாணிக் கடை, மேல மாடியில ஜிம்மு. மேல இருக்கிறவன் சிக்கன் தின்னு ஒடம்பை ஏத்துறான், கீழ இருக்கிறவன் அதே சிக்கனைத் தின்னு தூங்குறான். நீ மேல போற கட்சி. சந்தோசம். ஆனா போன மொத வாரமே இன்னா வாங்கின? கிளவுஸு, ஒடம்போட ஒட்டுன சட்டை, பல்லுக்கு மாட்ற ரப்பரு, மாவு டப்பா. கழுத்துல புலி பச்சை குத்தியாச்சு. பட்டப்பேரு வேற வெச்சிகினியாம். ஒரு குத்து வாங்குறதுக்கு முன்னாடியே பட்டப்பேரா?

உத்தரகாண்ட் புள்ள அன்ஷுல் ஜூப்லிக்கு சிங்கங்களோட ராஜான்னு பேரு. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துப் பொண்ணு பூஜா தோமருக்குப் புயல்னு பேரு. அந்தப் பொண்ணு வூஷூன்ற சீனச் சண்டைக்கலையில தேசிய அளவுல ஜெயிச்சிட்டு வந்தவ. 2024 ஜூன்ல அமெரிக்காவுல லூயிவில்ல, யூ.எஃப்.சி.ன்னு கூண்டுச் சண்டை நடத்துற பெரிய கம்பெனி மேடையில ஜெயிச்ச மொத இந்தியப் பொண்ணு அவதான். அதுக்கு அந்தப் பேரு தகும். நமக்குப் புயல்னா இன்னான்னு தெரியாதா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ பள்ளிக்கரணையில ரோடு எது, சதுப்பு நெலம் எதுன்னு தெரியாம தண்ணி நின்னுச்சே. அதுக்குப் பேரு வெச்சவன் வேற எவனோ. தனக்குத்தானே பேரு வெச்சிகினு வந்த புயலு ஒண்ணாவது உண்டா, சொல்லு?

இந்தக் கூண்டுச் சண்டை எப்படித் தொடங்கிச்சுன்னாவது தெரியுமா? 1993 நவம்பர், அமெரிக்காவுல டென்வர். எடைப் பிரிவு இல்ல. கடிக்கக்கூடாது, கண்ணை நோண்டக்கூடாது, கிட்டத்தட்ட அவ்ளோதான் சட்டம். குஸ்திக்காரன், கராத்தேக்காரன், குத்துச்சண்டைக்காரன் எல்லாம் வந்தான். ஜெயிச்சது யாரு? ஒல்லியா ஒரு பிரேசில்காரன், ராய்ஸ் கிரேசி. தடித் தடியா நின்னவனையெல்லாம் தரையில சாய்ச்சு மடக்கினான். அவனுங்க ‘விட்டுடு’ன்னு கையால தட்டினானுங்க. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, கண்ணாடியில பார்த்து வளத்த ஒடம்பு ஒண்ணியும் உதவாதுன்னு. முப்பது வருசம் தாண்டியும் நீ கண்ணாடி முன்னாடியேதான் நிக்கிற.

அந்தக் கூத்தைப் பார்த்துட்டு ஜான் மெக்கெய்ன்னு ஒரு செனட்டரு, ‘இது மனுசனுங்களை வெச்சு நடத்துற சேவல் சண்டை’ன்னு சொல்லி, மாகாணம் மாகாணமா தடை போடச் சொன்னாரு. சேவல் சண்டைன்னதும் நான் காதைத் தீட்டிகினேன். ஆனா சேவலுக்கு ஒரு வசதி இருக்குதுடா. தோத்துச்சின்னா கொழம்போட கணக்கு முடிஞ்சிடும். உனக்கு அப்பாலதான் ஆஸ்பத்திரி பில்லு வரும். மெக்கெய்ன் சத்தம் போட்டப்புறம்தான் இந்தச் சண்டைக்குச் சட்டதிட்டம் போட்டாங்க. எடைப் பிரிவு, அஞ்சு நிமிசம் ஒரு ரவுண்டு, மூணு ரவுண்டு, பட்டத்துக்குன்னா அஞ்சு ரவுண்டு, பக்கத்துல டாக்டரு. இப்போ 2026 ஜப்பான் ஆசியப் போட்டியிலயும் சேர்த்துட்டாங்க. ஆகையால இது ரவுடித்தனம்னு நான் சொல்ல மாட்டேன். வேலைதான். வேலைன்னா கணக்குப் பார்க்கணுமா, வேணாமா?

கணக்குன்னதும் மறுபடி அந்த ஜூப்லிதான் ஞாபகத்துக்கு வர்றான். அவன் கணக்குப் படிச்ச புள்ள, பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவன். 2023 பிப்ரவரியில இந்தோனேசியாக்காரன் ஜேக்கா சராகியை அடிச்சு யூ.எஃப்.சி. ஒப்பந்தம் வாங்கினான். அந்த எடத்துக்கு இந்தியாவுல இருந்து மொதல்ல போனவன் பரத் காண்டாரே. 2017ல ஷாங்காய்ல சோங் யாதோங் மொத ரவுண்டுலயே கழுத்தைப் புடிச்சிட்டான். ஜூப்லி அதையும் தாண்டினான். நாடே கைதட்டிச்சு. அதே வருசம் அக்டோபர்ல அபுதாபியில மைக் பிரீடன் மூணாவது ரவுண்டுல சாய்ச்சான். அப்பால ஒரு வருசத்துக்கும் மேல காத்துகினு, 2025 பிப்ரவரியில சிட்னி போனான். குயில்லன் சால்கில்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரன். எத்தினி நேரம் நடந்துச்சு தெரியுமா? 19 செகண்டு. நம்ம சிக்னல்ல செவப்பு பச்சையா மாறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அதைப் பார்த்துட்டு ‘சிங்கமாம் சிங்கம்’னு கீழ கமென்டு போட்டவன்ல பாதிப்பேரு, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குறவன். எனக்கு அந்தப் புள்ள மேல மரியாதைதான். ஆனா நீ அவன் கைதூக்கி நிக்கிற ரீலை மட்டும் சேவ் பண்ணி வெச்சிருக்கியே. அந்த 19 செகண்டையும் சேவ் பண்ணு.

அடுத்து எடைக் கதை. இதைக் கேட்டப்பதான் நான் நெஜமாலுமே வாயடைச்சுப் போனேன். முன்னே சந்தையில ஆடு விக்கிறவன் ஒரு வேலை பண்ணுவான். விடியக்காலையில உப்பைக் காட்டி, வயிறு முட்டத் தண்ணி குடிக்க வெப்பான். தராசுல எடை ஏறும். நீங்க அதையே தலைகீழாப் பண்றீங்க. எழுபது கிலோ பிரிவுல சண்டை, ஒடம்போ எம்பது கிட்ட. கடைசி வாரம் உப்பை நிறுத்துறது, சோத்தை நிறுத்துறது, கடைசி நாள் தண்ணியையும் நிறுத்துறது. சுடுதண்ணித் தொட்டியில படுத்து, ஆவி ரூம்ல குந்தி, துண்டு போர்த்திகினு வேர்த்து வேர்த்து ஊத்துறது. எச்சிலைக்கூட பாட்டில்ல துப்பிகினே இருப்பானுங்களாம், அதுலயும் கொஞ்சம் எடை போகுமேன்னு. நாக்கு ஒட்டிப்போய், கன்னம் ஒடுங்கி, தராசு மேல நிக்கக்கூட ரெண்டு பேரு புடிக்கணும். எடை பார்த்த நிமிசத்துல இருந்து மறுபடியும் தண்ணி, கஞ்சி, சோறு. மறுநாள் சண்டைக்கு எறங்குறப்ப எறக்கின எடையில பாதிக்கு மேல திரும்பி வந்திருக்கும். எதிராளியும் இதே திருட்டுத்தனம்தான் பண்றான். ரெண்டு பேரும் சும்மா இருந்திருந்தா அதே எடையில அதே சண்டை போட்டிருக்கலாமே? கேட்டா ‘சயின்ஸு தாத்தா’ன்ற. 2015 டிசம்பர்ல மணிலாவுல யாங் ஜியான் பிங்னு ஒரு சீனப் புள்ள, 21 வயசு, இந்த சயின்ஸுலதான் செத்தான். கூண்டுக்குள்ள ஒரு குத்துகூட வாங்கல. அதுக்கப்புறம்தான் அந்தச் சண்டையை நடத்த இருந்த ஒன் சாம்பியன்ஷிப் கம்பெனிக்காரங்க, ஒடம்புல தண்ணி இருக்குதான்னு சோதிச்சு எடை பார்க்கிற சட்டம் கொண்டாந்தாங்க. நீ பழகுற எடத்துல யாராவது தண்ணி குடிக்காதன்னு சொன்னான்னா, செருப்பை மாட்டிகினு வந்துடு.

துட்டு விசயத்துக்கு வர்றேன். உன் கூட்டத்துல எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு உண்டு. கோனர் மெக்ரிகர்னு ஒரு அயர்லாந்துக்காரன். வாரத்துக்கு 188 யூரோ அரசாங்க உதவிப் பணத்துல இருந்தவன், 2013 ஏப்ரல்ல ஸ்டாக்ஹோம்ல ஒரு சண்டை போட்டு 60,000 டாலர் போனஸ் வாங்கினான். நெசம்தான். அவன் மொதல்ல பிளம்பர் வேலை கத்துகினவன்டா. மேடவாக்கத்துல பொறந்திருந்தா கூண்டுக்கே போயிருக்க மாட்டான். இத்தினி அப்பார்ட்மென்டு, இத்தினி ஒழுகுற பைப்பு. பிளம்பரு போனை எடுத்தாலே நாங்க கும்புடு போடுறோம்.

சரி, மெக்ரிகர் ஒருத்தன். மத்தவன்? அந்தப் பெரிய கம்பெனியில புதுசாச் சேர்றவனுக்குப் பத்து பன்னெண்டாயிரம் டாலர், வந்து நின்னதுக்கு. ஜெயிச்சா இன்னொரு பங்கு அதே மாதிரி. நம்ம ரூபாயில வந்து நின்னதுக்குப் பத்து லட்சம் கிட்ட. கேக்க நல்லாத்தான் இருக்கு. வருசத்துக்கு எத்தினி சண்டை? ரெண்டு, மிஞ்சிப்போனா மூணு. அதுல வாத்தியாருக்கு ஒரு பங்கு, மேனேஜருக்கு ஒரு பங்கு, வரி, சாப்பாடு, பயிற்சிச் செலவு. முட்டி பிசகிச்சின்னா அந்த வருசம் பட்டினி. அவங்க கணக்குல நீ வேலைக்காரனே கெடயாது, காண்ட்ராக்ட்காரன். நம்ம அப்பார்ட்மென்டு வாசல்ல விசில் ஊதுற செக்யூரிட்டிக்கு பி.எஃப். புடிக்கிறான், உனக்கு அது உண்டா? ‘எங்களுக்குச் சேர வேண்டியதைக் குடுக்கல’ன்னு பழைய சண்டைக்காரங்க 2014ல கோர்ட்டுக்குப் போனாங்க. பத்து வருசம் இழுத்து, 375 மில்லியன் டாலருக்கு ராஜி ஆச்சு. நம்ம ஊரு காசுல மூவாயிரம் கோடிக்கு மேல. குத்து வாங்கினவன் கையில வரவேண்டியது எங்க தங்கிச்சுன்னு இப்ப புரியுதா? டிக்கெட்டு விக்கிறவன் ஒருநாளும் மூக்கு ஒடைஞ்சு நின்னதில்ல.

உன் சினேகிதன் ஒருத்தன், காது வீங்கி உருண்டையாப் போனதை போட்டோ புடிச்சுப் போட்டிருக்கானாமே, பெருமையா? குஸ்தியில காது தரையில தேஞ்சு தேஞ்சு, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவுல ரத்தம் கட்டிக்கும். அப்பவே ஊசி போட்டு எடுத்துடணும். உட்டா கட்டி இறுகி, காது அப்படியே நின்னுடும். பழைய பயில்வானுங்களுக்கு வேற வழி இல்லாம வந்தது அது. இவன் ஸ்டைலுக்குன்னு எடுக்காம உட்டு வெச்சிருக்கான். நாளைக்கு இயர்போன் எதுல மாட்டுவான்?

காதாவது வெளிய தெரியுது. உள்ள இருக்கிற மூளை? அன்னிக்கு இங்க வந்து நின்ன அலிக்கு 1984ல பார்க்கின்சன் நோய்னு சொன்னாங்க. குத்து வாங்கினதாலயா, இல்லயான்னு டாக்டருங்க சண்டை போட்டுகினாங்க. 1996ல அட்லாண்டா ஒலிம்பிக் தீபத்தை அவரு ஏத்தினப்ப, அந்தக் கை நடுங்கினதை உலகமே டிவியில பார்த்துச்சு.

இந்தக் கூண்டுச் சண்டைக்காரனுங்கள்ல ஒரே ஒருத்தன் எனக்குப் புடிச்சவன் உண்டு. தாகெஸ்தான்காரன் கபீப். ஒம்பது வயசுல கரடிக்குட்டியோட மல்லுக்கட்டின புள்ள. அப்பன்தான் வாத்தியாரு. 29 சண்டை, 29 ஜெயிப்பு. 2020ல அப்பன் கொரோனாவுக்கப்புறம் போய்ச் சேர்ந்தாரு. ‘அப்பா இல்லாம சண்டைக்குப் போக மாட்டேன்’னு ஆத்தாளுக்கு வாக்குக் குடுத்தான். அந்த வருசமே நிறுத்திட்டான். எவ்ளோ கோடி காட்டியும் திரும்பல. நீ அவன் தொப்பியை மட்டும் ஆன்லைன்ல வாங்கி மாட்டிகினு சுத்துற.

இத்தினி சொல்லியும் உன் மூஞ்சி மாறல. சரி, போ. போகாதன்னா கேக்கவா போற? ஆனா வேலையை உடாத. காலையில ஏரிக்கரையில ஓடு, சாயங்காலம் பழகு. குஸ்தியோ, ஜூடோவோ, குத்துச்சண்டையோ, மொதல்ல ஏதாவது ஒண்ணை ஒழுங்காக் கத்துக்கோ. வாத்தியாரு யாரு, அவன் எங்க சண்டை போட்டான், யாரைத் தயார் பண்ணினான்னு கேளு. போர்டுல படம் போட்டிருக்கிறவனையெல்லாம் நம்பாத. பணம் வாங்காத போட்டியில பத்துப் பதினஞ்சு தடவை எறங்கு. தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்து வெச்சுக்கோ, இன்சூரன்ஸ் ஒண்ணு போட்டுக்கோ. தலையில அடி வாங்கி மயக்கம் வந்துச்சின்னா, டாக்டரு சொல்ற வரைக்கும் கிளவுஸைத் தொடாத. ஆறு மாசத்துக்கு உன்னை எவனும் வீடியோ எடுக்கக்கூடாது. யாரும் பார்க்காதப்பவும் பழகப் போறியான்னு பாரு.

போறேன்னா மொத சண்டைக்கு நானே வர்றேன். முன்வரிசையில சீட்டு போட்டு வை. ஓசி டிக்கெட்டுன்னா, உங்க பாட்டிக்கும் சேர்த்து ரெண்டு.