சிவப்பாய்ப் பிறந்த குற்றம்

பிரான்சின் சான்செர் என்றால் வெள்ளை ஒயின்தான் என்பது குடிப்பவர்களின் வேதம். அதே ஊரில் பினோ நுவார் திராட்சையில் பிழிந்த சிவப்பு ஒயினைப் பத்தாண்டு ஊறவிட்டுத் திறந்தால், ரசனைப் பெரியவர்கள் முகர்ந்துவிட்டு, "அட, பரவாயில்லையே!" என்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் கிடைக்கும் அதே பாராட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்செரா பூச்சி கொடிகளைத் தின்று தீர்க்கும்வரை அங்கே சிவப்பின் கொடிதான் பறந்தது. பிறகு வந்து பரவிய வெள்ளைக்கு 1936இலேயே சட்ட அங்கீகாரம்; பழைய குடியான சிவப்புக்கு 1959இல்தான் பட்டா.

"குளிர்ப் பிரதேசம், பழம் சரியாய்ப் பழுக்காது" என்பார்கள். மோசமான ஆண்டுகளில் உண்மைதான். ஆனால் அந்தக் குளிர் காக்கும் புளிப்பும் சேர்ந்துதான் ஒயினுக்கு ஆயுள் தருகிறது. வெள்ளையில் அதற்குப் பெயர் நேர்த்தி, சிவப்பில் மட்டும் குறை. "எங்கள் நாக்கு பொய் சொல்லாது" என்பது அடுத்த வாதம். 2001இல் வெளியான போர்தோ ஆய்வில், ஒயினியல் படிக்கும் 54 மாணவர்கள் சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைச் சிவப்புக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். சாயத்துக்கே இவ்வளவு மரியாதை என்றால், லேபிளில் அச்சிட்ட ஊர்ப்பெயருக்கு நாக்கு எத்தனை கும்பிடு போடும்? லேபிளை மறைத்து ஊற்றினால், பினோ நுவாருக்குப் பேர்போன பர்கண்டி என்று சொல்லி விலையையும் அந்தப் பெரியவர்களே ஏற்றிவிடக்கூடும்.